ஊழியம் முதல் ஊழியர் வரை

இக்கல்லூரியில் சேருவதற்காக விண்ணப்பம் நிரப்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செங்கோட்டையில் ஒரு கணினி நிலையம். உடன் வந்திருந்த என் தாயார் வெளியே திண்ணையில் அமர்ந்திருந்தார். 'தாயின் தொழில்' என்ற இடம் வந்தபோது, "வீட்டு வேலை" என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த அண்ணன் தலை நிமிராமலே 'இல்லத்தரசி' என்று பதிந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவர் மீது குற்றமில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அப்படியும் பொருள் உண்டு. ஆனால் என் தாயார், நாள்தோறும் புளியறையிலிருந்து காலைப் பேருந்தில் செங்கோட்டைக்குச் சென்று, மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, தரை துடைத்துவிட்டுப் பிற்பகலில் திரும்புகின்றவர். அவர் செய்வது வீட்டு வேலைதான்; பிறர் வீட்டு வேலை. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன்; எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

பேருந்தில் அம்மா, "என் தொழிலுக்கு என்னன்னு போட்டாக?" என்று கேட்டார். "இல்லத்தரசி" என்றேன். "அரசியா! அப்பம் அந்த மூணு வீட்டுக்கும் யாரு போவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நான் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவன். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்படும் சாசரைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சாசரின் பெயர் முதன்முதலாகக் கிடைப்பது எந்த ஏட்டில் தெரியுமா? 1357-இல் அல்ஸ்டர் கோமாட்டியின் வீட்டுக் கணக்கில்! கோமாட்டியின் ஏவற் பையனுக்கு உடை வாங்கிய செலவில் அவர் பெயர் இருக்கிறது. பத்தாண்டுகள் கழித்து, 1367-இல், மூன்றாம் எட்வர்டு மன்னரின் அரண்மனைப் பணியாளராக அவர் பெயர் மீண்டும் வருகிறது. உலகம் கொண்டாடும் கவிஞர் பெருமனையில் ஏவல் செய்தவர். அதனை எழுத எவரும் கூசவில்லை. அப்படியானால் ஏவல் என்பதில் எப்போது, எப்படி இழிவு வந்து ஒட்டிக்கொண்டது? இக்கேள்வியோடு ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைப் புரட்டினேன். பின்னர் நம் சொற்களின் பக்கம் திரும்பினேன்.

முதலில் 'லார்டு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் 'ரொட்டியைக் காப்பவன்' என்பது. 'லேடி' என்றால் 'ரொட்டி மாவு பிசைபவள்'. அவர்களை அண்டிப் பிழைத்தவனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்று பெயர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் நாட்டை ஆண்ட ஈதல்பெர்ட் மன்னனின் சட்டத்தில் இச்சொல் வருகிறது. ஒரு குடியானவனுடைய 'ரொட்டி தின்பவனை'க் கொன்றால் 6 ஷில்லிங் தண்டம். அவ்வளவுதான் அவன் விலை.

இதைப் படித்தபோது எனக்கு நம் 'படியாள்' நினைவுக்கு வந்தான். நாள் தோறும் படி நெல் அளந்து கொடுத்து வைத்துக்கொள்ளப்பட்ட ஆள் படியாள். அளந்து கொடுத்தவர் 'படியளக்கிறவர்'. இன்றும் நம் வீடுகளில் கடவுளைப் 'படியளக்கிற பகவான்' என்றுதானே சொல்கிறார்கள்! அங்கே ரொட்டி, இங்கே நெல். உணவைக் கையில் வைத்திருந்தவன் தலைவன். உண்ண வேண்டியிருந்தவன் ஆள். அந்த ரொட்டிக்கும் நெல்லுக்கும் உழைத்தவன் யார் என்பதை மட்டும் இரு மொழியும் சொல்லாமல் விட்டுவிட்டன.

அடுத்து இரண்டு சொற்கள். 'நைட்' என்பது ஒன்று. 'நேவ்' என்பது மற்றொன்று. பழைய ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'பையன்' என்றே பொருள். பின்னர் ஏவல் செய்யும் பையன் என்றாயிற்று. ஒருவன் தலைவனோடு போர்க்களத்திற்குச் சென்றான். குதிரை ஏறினான், கவசம் பூண்டான், 'நைட்' என்பது வீரப் பட்டமாயிற்று. மற்றவன் வீட்டிலும் அடுக்களையிலும் ஏவல் கேட்டுக்கொண்டே நின்றான். 'நேவ்' என்றால் இன்று அயோக்கியன். ஒரே பொருளில் பிறந்த இரு சொற்கள். ஒன்று அரியணை அருகே, மற்றொன்று தெருப்புழுதியில்!

தமிழிலும் இதே கதைதான். 'பிள்ளை' என்றாலும் சிறுவன். 'பையல்' என்றாலும் சிறுவன். பிள்ளை என்பது பட்டமாயிற்று. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்ம மன்னரையே எதிர்த்து நின்ற பெருநிலக்கிழார்களுக்கு எட்டுவீட்டில் பிள்ளைமார் என்று பெயர். ஊர்க் கணக்கு எழுதியவர் கணக்குப்பிள்ளை. பையல் என்பதோ தேய்ந்து 'பயல்' என்று வசைச் சொல்லாயிற்று. தலை நரைத்த பின்னும் 'கடைப் பையன்' என்றே அழைக்கப்படும் பெரியவர்களை நம் கடைவீதியில் இன்றும் காணலாம்.

இன்னும் சில ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். 'மார்ஷல்' என்றால் குதிரைக்காரன். 'கான்ஸ்டபிள்' என்றால் குதிரை லாயத் தலைவன். 'ஸ்டூவர்ட்' என்றால் மனைக்காவலன். 'மினிஸ்டர்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பணியாள் என்பதே பொருள். குதிரைக்காரன் படைத்தலைவன் ஆனான். பணியாள் அமைச்சர் ஆனார். ஸ்காட்லாந்தில் வழிவழியாக அரண்மனைக் காவலராயிருந்த குடியினர் 1371-இல் அரியணையே ஏறினர். ஸ்டூவர்ட் அரச மரபு அதுதான். ஆனால் பண்ணையில் உழுதவனுக்கு நேர்ந்தது என்ன? பண்ணைக் குடியானவனைக் குறித்த சொல், இழிந்தவன் என்றாகி, கொடியவன் என்றாகி, இன்று நம் திரைப்படங்களில் கதாநாயகனிடம் அடி வாங்கும் 'வில்லன்' ஆகிவிட்டது. உண்மையில் அந்த வில்லன் ஓர் ஏழை உழவன்!

இவற்றை எல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சொல் ஏறியதும் இறங்கியதும் வேலையின் தன்மையால் அன்று. குதிரைக்குப் புல் போடுவதும் ஏவல்தான். வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் ஏவல்தான். அரசனின் பக்கத்தில் நின்றவனுடைய சொல் ஏறியது. வயலிலும் அடுக்களையிலும் நின்றவனுடைய சொல் இறங்கியது.

நிற்க. இனி நம் மொழிக்குள் நுழைவோம்.

தொல்காப்பிய அகத்திணையியலில் 'அடியோர்', 'வினைவலர்' என இரு சாராரைக் காண்கின்றோம். பிறர்க்கு அடிமைப்பட்டவர் ஒரு சாரார். ஏவிய வினை செய்பவர் மற்றொரு சாரார். அந்நாளிலேயே வேறுபாடு தெரிந்திருக்கிறது. சோழர் காலத்திற்கு வந்தால், கல்வெட்டுகளில் 'வேளைக்காரர்' என்றொரு படையினர் வருகின்றனர். இவர்களை இன்றைய 'வேலைக்காரர்' என்று எண்ணிவிடக் கூடாது. வேளை வேறு, வேலை வேறு. வேளை வந்தால் தலைவனுக்காக உயிரையும் தருவோம் என்று உறுதி பூண்டவர்கள் அவர்கள் என்பர் அறிஞர். இலங்கையில் பொலன்னறுவையில் உள்ள 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று, புத்தரின் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஏற்றதைக் கூறுகிறது. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ளகரம் பெற்றவருக்குக் கல்வெட்டு. லகரம் பெற்றவருக்குக் கொல்லைப்புற வாசல்!

அதே சோழர் கல்வெட்டுகளில் 'வேளத்துப் பெண்டாட்டி' என்ற தொடர் வருகிறது. வேளம் என்பது அரண்மனைப் பணிமகளிரின் குடியிருப்பு. அங்கே பணி செய்த பெண்ணே பெண்டாட்டி. இன்று அச்சொல்லுக்கு மனைவி என்று பொருள். பணிப்பெண்ணைக் குறித்த சொல் மனைவியைக் குறிக்க வந்தது உயர்வா, தாழ்வா? இதற்கு விடை சொல்ல நான் துணியேன். ஆனால் வீட்டு வேலை என்ற சொல் மனைவி செய்வதையும் பணிப்பெண் செய்வதையும் இன்றும் வேறுபாடின்றிக் குறிக்கிறதே, அதை எண்ணிப் பார்க்கிறேன். கணினி நிலையத்தில் நிகழ்ந்த பிழைக்கு ஆயிரம் ஆண்டு வயது!

எல்லையோர ஊரில் பிறந்ததில் ஒரு நன்மை உண்டு. ஒரே சொல் இரண்டு வழியில் போவதை அருகிருந்து காணலாம். தமிழ்க் கல்வெட்டுகளில் 'அகம்படி' என்பது தலைவனுடைய மனையைச் சார்ந்து நின்ற ஏவலரைக் குறிக்கும். எங்கள் புளியறைச் சோதனைச் சாவடியைக் கடந்து, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குப் போய்விட்டால், அமைச்சரின் வண்டிக்கு முன்னும் பின்னும் செல்லும் காவல் வண்டிக்கு அதே சொல்தான் வழங்குகிறது. அங்கே அதற்குத் துணைக் காவல் என்று பொருள்.

நம் குற்றாலத்திற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், தலைவன் உலா வருமுன் கட்டியக்காரன் வருகின்றான். தலைவன் பெருமையை உரக்கக் கூறி வழி விலக்கும் ஏவலன் அவன். தெருக்கூத்தில் இந்தக் கட்டியக்காரன் என்ன ஆனான்? கோமாளி ஆனான். ஆனால் அரசனையே கேலி செய்யும் உரிமையையும் பெற்றான். ஏவலர் சொற்களில் சிரித்துக்கொண்டே பிழைத்தது இது ஒன்றுதான் என்று நான் நினைக்கின்றேன்.

எல்லாவற்றிலும் என் நெஞ்சைச் சுட்ட சொல் 'வெட்டி' என்பது. இன்று 'வெட்டிப் பேச்சு', 'வெட்டிப் பயல்' என்கிறோம். பயனற்றது, வேலையற்றவன் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. 'விஷ்டி' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஏரியைக் கரையிட்டவனும் வாய்க்கால் வெட்டியவனும் செய்தது வெட்டி. அதிலிருந்து பிறந்த 'வெட்டியான்', ஊருக்கெல்லாம் ஊழியம் செய்து, இறுதியில் சுடுகாட்டிலும் நின்றான். கூலி பெறாமல் முதுகொடிய உழைத்தவனின் வேலைக்கு இருந்த பெயர், வேலையே செய்யாதவனுக்கு வசையாக மாறியிருக்கிறது! காசு கிடைக்காத உழைப்பெல்லாம் வீண் என்று மொழி தீர்ப்பெழுதிவிட்டது. நண்பர்களே, விடுமுறையில் வீட்டிலிருக்கும் தோழனை 'வெட்டியா இருக்கியா?' என்று கேட்குமுன் இதை ஒருமுறை நினையுங்கள்.

'அடி' என்னும் சொல்லின் குடும்பமும் இப்படிச் சிதறியதே. கடவுளுக்கு ஆட்பட்டவர் 'அடியார்'. வைணவப் பெரியோர் தம்மைப் பணிவோடு 'அடியேன்' என்றனர். மனிதனுக்கு ஆட்பட்டவனோ 'அடிமை'. 'அடியாள்' என்ற சொல் இன்று காசுக்கு அடிக்கும் முரடனைக் குறிக்கிறது. அதே 'அடியேன்' திருவிதாங்கூரில் எப்படி வழங்கியது என்பதை, அங்கே பணியாற்றிய இலண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். தாழ்த்தப்பட்ட மக்கள் மேற்குலத்தார் முன்னால் 'நான்' என்று சொல்லலாகாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்றும் சொல்லலாகாது. அழுக்குக் கஞ்சி என்று பொருள்படும் சொல்லையே சொல்ல வேண்டும். பக்தர் விரும்பிச் சொன்ன சொல் பணிவாயிற்று. அதையே வற்புறுத்திச் சொல்ல வைத்தபோது விலங்காயிற்று.

அந்தத் திருவிதாங்கூரில்தான் எங்கள் ஊர் இருந்தது. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடை செய்தார்; ஆயினும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவடிமைகளுக்கு அத்தடை பயன்படவில்லை. 1855-இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இதனோடு 'ஊழியம்' என்ற ஒன்றும் இருந்தது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் எளிய மக்கள் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு அது பெயர். திருவிதாங்கூர்க் காலத்தில் பிறந்த என் ஆச்சி, யாராவது காசில்லாமல் ஒரு வேலை சொன்னால், "நான் என்ன ஊழியத்துக்கா பொறந்திருக்கேன்?" என்று சீறுவார். சிறுவயதில் அது எனக்குப் புரிந்ததில்லை.

ஏன் புரியவில்லை? எனக்குத் தெரிந்த 'ஊழியர்' வேறு. அரசு ஊழியர், வங்கி ஊழியர், மின்வாரிய ஊழியர். பெண் கொடுப்பதற்கு முதலில் பார்க்கப்படும் மாப்பிள்ளை ஊழியர்! ஆச்சியின் நாவில் சாபமாக இருந்த சொல், பேரனின் காதில் கனவாக ஒலித்தது. இரண்டு தலைமுறைக்குள் இந்தச் சொல் இவ்வளவு உயரம் ஏறியது எப்படி? எந்தப் புலவரும் அதற்குப் பட்டம் சூட்டவில்லை. மாதச் சம்பளம் வந்தது, விடுமுறை வந்தது, ஓய்வூதியம் வந்தது, கேட்பதற்குச் சங்கம் வந்தது. உரிமைகள் ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, சொல் தானே நிமிர்ந்தது. முன்னே சொற்கள் ஏறியது அரசனின் நிழலில் நின்று. இச்சொல் ஏறியது சட்டத்தின் நிழலில் நின்று. நான் கண்ட உண்மை இதுதான்.

'பெயரை மாற்றினால் போதாதா? வேலைக்காரி என்பதை விட்டுப் பணிப்பெண் என்போம், உதவியாளர் என்போம்' என்று சிலர் கூறலாம். மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பெயர் மாற்றம் மட்டும் போதுமென்றால் வரலாறு அதற்கு உடன்படவில்லை. 'பியூன்' என்பது போர்ச்சுக்கீசியரின் காலாட்படை வீரனைக் குறித்த சொல். அவன் அலுவலக வாசலுக்கு வந்து மணியடித்தால் ஓடுபவன் ஆனதும் சொல் இறங்கியது. அலுவலக உதவியாளர் என்று மாற்றினோம். தலையாரியும் வெட்டியானும் செய்த பணிக்கு இன்று கிராம உதவியாளர் என்று பெயர். உள்ளே இருப்பவரின் கூலியும் மதிப்பும் மாறாவிட்டால், புதுப்பெயரிலும் சில ஆண்டுகளில் பழைய அழுக்கு ஏறிவிடும். பிறகு இன்னொரு பெயரைத் தேட வேண்டியதுதான்.

'சொல்லில் என்ன இருக்கிறது? சோறுதான் முக்கியம்' என்று வேறு சிலர் கூறலாம். அதுவும் முழு உண்மையன்று. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் ஒரு பெயர் வேண்டும். அறிஞர் அண்ணா 'வேலைக்காரி' என்ற பெயரையே நாடகத்திற்குச் சூட்டினார். 1949-இல் அது திரைப்படமாயிற்று. நாடே அச்சொல்லை உச்சரித்தது. இருந்தும் வீட்டு வேலை செய்வோரைத் தனித் தொழிலாளராகக் கருதி நல வாரியம் ஒன்று தமிழ்நாட்டில் அமைந்தது 2007-இல்தான். 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இவர்களுக்கென்று தனி உடன்படிக்கை கண்டது. நம் மாநிலத்தில் இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2018-இல் நிர்ணயிக்கப்பட்டது. வாரியத்தில் பதிந்துகொள்ள அட்டை கேட்டால் தொழில் என்ன என்று கேட்பார்கள். 'இல்லத்தரசி' என்று எழுதியவருக்கு அந்த அட்டை கிடைக்குமா?

என் மௌனம் செய்த தீங்கு எது என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. தாயின் தொழிலை மறைத்தேன். அதனால் அவருக்குக் கௌரவம் சேர்ந்ததாக எண்ணினேன். உண்மையில் அவர் உழைப்பையே ஏட்டிலிருந்து அழித்துவிட்டேன். அவரை வெட்டியாக்கிவிட்டேன்!

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி அரசுக் கல்லூரி. இங்கே நம்முடன் அமர்ந்திருப்போரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள். அவர்களை அனுப்பி வைத்த கைகள் எந்தப் பாத்திரத்தைத் துலக்கின, எந்த வயலில் நாற்று நட்டன என்று எண்ணிப் பாருங்கள். நம்மிடம் சட்டம் இயற்றும் ஆற்றல் இல்லை. ஆனால் இரண்டு காரியங்கள் நம்மால் இயலும். வகுப்பறையைப் பெருக்குபவரையும் விடுதியில் சோறு பரிமாறுபவரையும் 'ஏய்' என்றும் 'இந்தா' என்றும் அழைக்காமல், 'அக்கா' என்றும் 'அண்ணாச்சி' என்றும் அழைக்கலாம். படிவத்தில் கேட்ட இடத்தில் பெற்றோரின் தொழிலை உள்ளபடி எழுதலாம்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. இம்முறை நானே நிரப்பினேன். தாயின் தொழில் என்ற இடத்தில் 'வீட்டுப் பணியாளர், மூன்று வீடுகள்' என்று எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நாலுன்னு போடு. போன வாரம் இன்னொண்ணு சேர்த்திருக்கேன்" என்றார்.

அடித்துவிட்டு, நான்கு என்று எழுதினேன்.